முதல் வருடங்கள் முழுக்க மொழிக்கே: ஹகோதாத்தேயில் ஓர் இளம் மிஷனரி

கேள்வி சுருக்கமாக இது: அகராதியும் வகுப்பும் சரியாக இல்லாத காலத்தில் ஜப்பானுக்குப் போன இளம் மிஷனரிகள் அந்த மொழியை எப்படித்தான் கற்றார்கள்? அவர்களுக்கு என்ன பயிற்சி கிடைத்தது? முதல் சில வருடங்கள் எப்படிக் கழிந்தன?

பொதுவாகப் பதில் சொன்னால் பிடிமானம் இருக்காது. அதனால் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1861-ல், 24 வயதில், ஜப்பானின் வடக்குத் துறைமுகமான ஹகோதாத்தேயில் வந்து இறங்கிய ரஷ்யத் துறவி நிக்கோலாய். டோக்கியோவில் ஓச்சானோமிசு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பச்சைக் குவிமாடத்தோடு ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'நிக்கோலாய்-தோ' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் இவருடையதுதான். ஆனால் தேவாலயம் கட்டியது 1891-ல். நான் சொல்லப்போவது அதற்கு 30 வருடங்களுக்கு முன்னால், ஒரு சொல்லும் புரியாமல் உட்கார்ந்திருந்த பையனைப் பற்றி.

அவருடைய இயற்பெயர் இவான் கசாத்கின். 1836-ல் ஸ்மோலென்ஸ்க் பகுதியில் ஒரு கிராமத்துக் கோயில் உதவியாளரின் மகனாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். வறுமையிலேயே படித்து, 1857-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இறையியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒருநாள் ஓர் அறிவிப்புத் தாள் அவர் கண்ணில் பட்டது. ஹகோதாத்தேயில் இருக்கும் ரஷ்யத் துணைத் தூதரகத்தின் கோயிலுக்குக் குரு தேவை, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. படித்தார், பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அன்று மாலை வழிபாட்டில் நின்றுகொண்டிருந்தபோதுதான், ஜப்பானுக்குப் போயே ஆக வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக வந்து உட்கார்ந்தது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே கொலோவ்நின் என்ற ரஷ்யக் கடற்படை அதிகாரி ஜப்பானில் கைதியாக இருந்த அனுபவத்தை எழுதிய நூலை அவர் படித்திருந்தார். ஆக, விதை ஏற்கெனவே விழுந்திருந்தது.

1860 கோடையில் துறவறம், உடனே குருப்பட்டம், உடனே பயணம். பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. கழகத்தில் கிரேக்கம், லத்தீன் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை.

உண்மையான பயிற்சி வழியில்தான் நடந்தது. வண்டியில் சைபீரியாவைக் கடந்து, ஆமூர் ஆற்றில் இறங்கி, அதன் முகத்துவாரத்தில் இருக்கும் நிக்கோலாயெவ்ஸ்க் ஊருக்கு வந்துசேர்ந்தபோது குளிர்காலம் பிடித்துக்கொண்டது. கடல் உறைந்துவிட்டால் கப்பல் கிடையாது. பனி உருகும்வரை அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அந்தத் தாமதத்தைப் பெரிய அதிர்ஷ்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்த ஊரில் அப்போது பேராயர் இன்னொசென்ட் இருந்தார்.

இன்னொசென்ட் சாதாரண ஆள் இல்லை. இளைஞராக இருக்கும்போதே அலாஸ்கா பக்கம் அலூஷியத் தீவுகளுக்குக் குடும்பத்தோடு போய், அந்த மக்களின் மொழியைக் கற்று, உள்ளூர்த் தலைவர் ஒருவரின் துணையோடு அதற்கு எழுத்தும் அமைத்து, மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தவர். தச்சு, கடிகார வேலை என்று கைத்தொழிலும் தெரிந்தவர். அவர் முன்னால் இந்த 24 வயதுப் பையன் ஏழ்மையான அங்கியோடு போய் நின்றார். "இதைப் போட்டுக்கொண்டா அங்கே போகப்போகிறாய்? அந்த மக்கள் உன்னைப் பார்த்து எங்கள் குருக்களை எப்படி மதிப்பார்கள்?" என்கிற தோரணையில் பேராயர் கேட்டார். வெல்வெட் துணி வாங்கி வரச் சொல்லி, தானே கத்தரிக்கோலை எடுத்து அங்கிக்கு அளவு வெட்டிக் கொடுத்தார். தன்னிடம் இருந்த வெண்கலச் சிலுவை ஒன்றையும் அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். கிட்டத்தட்ட நாற்பது வருட மிஷனரி அனுபவம் எந்தப் பாடத்திட்டமும் இல்லாமல், துணி வெட்டிக்கொண்டே கைமாறிய இடம் அது.

அங்கியைவிட முக்கியமான இன்னொன்றையும் இன்னொசென்ட் கொடுத்தார். நிக்கோலாய் பிரெஞ்சு, ஜெர்மன் புத்தகங்களில் மூழ்கியிருப்பதைப் பார்த்து, அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஜப்பானிய மொழியை மட்டும் விழுந்து விழுந்து படி என்று சொன்னார். படித்த இளைஞனுக்கு இது கசப்பான அறிவுரை. ஊர் புதிது, பேச ஆள் இல்லை, பழகிய மொழிப் புத்தகம்தான் ஒரே துணை. அதையும் விடச் சொன்னால்? நிக்கோலாய் விட்டார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லைக் கேட்டதுதான் தொடக்கம் என்பது என் எண்ணம்.

சரி, ஹகோதாத்தே. வரும் வழியெல்லாம் அவர் கனவு கண்டுகொண்டே வந்திருக்கிறார். ஜப்பான் கையில் பூங்கொத்தோடு தனக்காகக் காத்திருக்கும் மணப்பெண் போலக் கற்பனையில் தோன்றியதாகவும், வந்து பார்த்தால் அந்த மணப்பெண் தன்னைப் பற்றி நினைப்பே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்ததாகவும் பின்னாளில் அவர் எழுதினார். அங்கே நிலைமை தூக்கத்தைவிட மோசமாக இருந்தது. கிறிஸ்தவம் தடை செய்யப்பட்ட மதம் என்று எழுதிய மரப்பலகைகள் ஊர் ஊராக நாற்சந்திகளில் நட்டு வைக்கப்பட்டிருந்தன. 1873-ல்தான் அவை அகற்றப்பட்டன. அந்நியர்கள் மேல் வெறுப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நிக்கோலாய் வந்த அதே 1861-ம் ஆண்டு ஜனவரியில், அன்று 'எதோ' என்று பெயர் கொண்ட இன்றைய டோக்கியோவில் அமெரிக்கத் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளர் ஹென்றி ஹெஸ்கனை இரவில் வழிமறித்து வாளால் வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு வயது 28.

இந்தச் சூழலில் நிக்கோலாயின் சட்டபூர்வமான வேலை என்ன? தூதரகத்து ரஷ்யர்களுக்கும், துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்களுக்கும் வழிபாடு நடத்துவது. அவ்வளவுதான். ஜப்பானியர் ஒருவரிடம் மதம் பேசினால் அந்த ஜப்பானியரின் தலை போகும். ஆக, நாள் முழுவதும் கையில் இருந்தது. அந்த நாள் முழுவதையும் அவர் மொழிக்குக் கொடுத்தார்.

என்ன கருவிகள் இருந்தன என்று பார்ப்போம். துணைத் தூதர் இயோசிஃப் கோஷ்கேவிச் ஏற்கெனவே ஒரு ஜப்பானிய–ரஷ்ய அகராதி செய்திருந்தார். அது உருவான கதையே தனி. 1855-ல் தாச்சிபானா கோசாய் என்ற ஜப்பானியர் சட்டத்தை மீறி ரஷ்யர்களோடு கப்பலேறித் தப்பினார். அப்போது கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்ததால் வழியில் ஆங்கிலேயர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். கைதிகளாக இருந்த மாதங்களில் கோஷ்கேவிச்சும் தாச்சிபானாவும் உட்கார்ந்து சேர்த்த சொற்கள்தான் 1857-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அகராதியாக அச்சானது. நிக்கோலாய்க்கு இது பேருதவி. ஆனால் வாக்கிய அமைப்பை விளக்கிச் சொல்லும் நல்ல இலக்கண நூல் இல்லை. இன்றைக்கும் பெயர் சொல்லப்படும், அமெரிக்க மிஷனரி ஹெப்பர்ன் செய்த ஜப்பானிய–ஆங்கில அகராதி வெளிவந்ததே 1867-ல்தான்.

இப்போது மொழி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக ஆசை. ஏனென்றால் ஒரு ரஷ்யர் எங்கே தடுமாறியிருப்பார் என்பதைத் தமிழர் நாம் எளிதாகப் பார்க்க முடியும். அவருக்குத் தடையாக இருந்த சில இடங்கள் நமக்கு மேடு பள்ளமே இல்லாத சமதரை.

"நேற்று வந்த மனிதர்" என்று சொல்கிறோம். ஜப்பானிய மொழியில் "கினோ கித்தா ஹிதோ". கினோ என்றால் நேற்று, கித்தா என்றால் வந்த, ஹிதோ என்றால் மனிதர். வரிசை அப்படியே இருக்கிறது. ரஷ்யருக்கோ முதலில் மனிதர் வர வேண்டும், அப்புறம் 'யார் வந்தாரோ', கடைசியில் நேற்று. தலைகீழ். "வருகிறேன் என்று சொன்னார்" என்பதில் நம்முடைய 'என்று' எங்கே நிற்கிறதோ, அங்கேயே அவர்களுடைய 'தோ' நிற்கும். வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு மாதிரி சின்னச் சொற்கள் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். 'நான்' என்று சொல்லாமலே பேச்சு ஓடும். நான் ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்தபோது முதல் வாரமே இது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதில் தமிழாக்கிக்கொண்டே போனேன். ஒன்றையும் இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நிக்கோலாய் இதையெல்லாம் வாக்கியம் வாக்கியமாக, தலைகீழாகத் திருப்பித்தான் பழகியிருக்க வேண்டும்.

மரியாதைச் சொற்களும் அப்படித்தான். போவதற்கு 'இகு' என்று ஒரு சொல். பெரியவர் போனால் 'இரஷ்ஷாரு'. நான் உங்களுக்கு முன் பணிவாகப் போனால் 'மாய்ரு'. வா, வாங்க, எழுந்தருளுங்கள் என்று வளர்ந்த நமக்கு இதன் தேவை புரியும். பழகத்தான் நாள் ஆகும்.

ஆனால் எழுத்து என்று வந்துவிட்டால் நமக்கும் அவருக்கும் ஒரே கதிதான். ஒலியை மட்டும் குறிக்கும் 'கானா' எழுத்துகளை ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். சீன எழுத்துகள்தான் மலை. ஒரே எழுத்து, உயிர் அல்லது பிறப்பு என்ற பொருள் உள்ளது. 'சென்செய்' என்ற சொல்லில், அதாவது ஆசிரியரில், அதன் ஒலி 'செய்'. 'இஷ்ஷோ' என்ற சொல்லில், அதாவது வாழ்நாளில், 'ஷோ'. வாழ்வதைச் சொல்லும் 'இகிரு'விலும் அதே எழுத்து. பிறப்பதைச் சொல்லும் 'உமாரெரு'விலும் அதே எழுத்து. தனியாக நின்று 'நாமா' என்று ஒலித்தால் பச்சையானது, சமைக்காதது என்று பொருள். ஓர் எழுத்துக்கே இத்தனை. இப்படி ஆயிரக்கணக்கில்.

அதோடு முடியவில்லை. அன்றைய ஜப்பானில் பேச்சு வேறு, எழுத்து வேறு. எழுத்திலும் பல வழக்குகள். அறிஞர்கள் சுத்தச் சீனத்திலேயே எழுதுவார்கள், அதைக் குறிகள் போட்டு ஜப்பானிய வரிசையில் மாற்றிப் படிக்க வேண்டும். கடிதத்துக்கும் அரசு ஆவணத்துக்கும் வாக்கியம் 'சோரோ' என்று முடியும் தனி நடை. சாதாரண மக்களுக்கான கதைப்புத்தகம் வேறு ஒரு நடை. செய்யுள் நடை, மேடை நடை, பேச்சு நடை என்று பிரித்துப் பழகிய தமிழருக்கு இந்த நிலை அந்நியமில்லை. ஒரு வெளிநாட்டவர் தமிழ் கற்க வந்து, சங்கப் பாட்டும் பத்திரப்பதிவுத் தமிழும் தெருப்பேச்சும் ஒரே சமயத்தில் தலையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நிக்கோலாய் பிற்பாடு ரஷ்யாவுக்கு எழுதியபோது மனம் விட்டுச் சொன்னார்: உலகிலேயே கடினமான மொழி இதுதான், உண்மையில் இது இரண்டு மொழி, இயல்பான ஜப்பானியமும் சீனமும் கலந்திருக்கின்றன, ஆனால் கரைந்து ஒன்றாகவில்லை. மிஷனரிகளைத் தடுக்கச் சாத்தானே கண்டுபிடித்த மொழி இது என்று பழைய கத்தோலிக்கர்கள் சொன்னது சும்மா இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வரிகளில் தெரியும் களைப்பு உண்மையானது. அதைச் சொன்னவர் அப்போது பல வருடம் அதிலேயே கிடந்தவர்.

எப்படிக் கற்றார்? மூன்று வழிகளைச் சொல்லலாம், மூன்றுமே மனிதர்கள் வழியாகத்தான்.

முதலில் முறையான ஆசிரியர்கள். ஹகோதாத்தேயில் கிமுரா கென்சாய் என்று ஓர் அறிஞர், மருத்துவர், அகித்தா பக்கத்துக்காரர். அவரிடம் ஜப்பானிய வரலாறும் செவ்வியல் நூல்களும் படித்தார். மொழியை மட்டும் தனியாகப் பிரித்துக் கற்காமல், அந்த ஊர்ப் படித்தவர்கள் எந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தார்களோ அதே புத்தகங்களைப் படிப்பது அவருடைய முறை. வரலாறு, கன்பூசியம், ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோ, பௌத்தம் என்று எல்லாவற்றுக்குள்ளும் போனார். 1869-ல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் ஷோகன்களையும் (ராணுவ ஆட்சியாளர்கள்) மிகாதோக்களையும் (பேரரசர்கள்) பற்றி நீண்ட கட்டுரை எழுதும் அளவுக்கு அந்தப் படிப்பு இருந்தது.

இரண்டாவது, காது. பொது இடத்தில் கதை சொல்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். பௌத்த போதகர்கள் பிரசங்கம் செய்யும் இடங்களுக்கும் போவார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஊரில் பொதுமக்களைக் கட்டிப்போடுகிற பேச்சு எங்கே நடக்கிறதோ அங்கே போய்க் கேட்கிறார். கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே அமைதியாகிறது, எந்தச் சொல்லுக்குக் கிழவி கண்ணைத் துடைக்கிறாள் என்பதை எந்த இலக்கண நூலும் சொல்லித்தராது. நம் ஊரில் கதாகாலட்சேபமும் கூத்தும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பேச்சு எப்படி மனதில் ஏறும் என்பது தெரியும்.

மூன்றாவது, வீட்டிலேயே தங்கியவர்கள். 1864 வசந்தத்தில் நீஜிமா ஜோ என்ற 21 வயது சாமுராய் இளைஞர் ஹகோதாத்தே வந்தார். ஆங்கிலம் கற்க வேண்டும், மேற்கத்திய உலகைப் பார்க்க வேண்டும் என்ற தீராத ஆசை. நிக்கோலாய் வீட்டில் தங்கி அவருக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தார். ஜப்பானின் பழம்பெரும் நூலான கோஜிகியை இருவரும் சேர்ந்து படித்ததாகச் சொல்வார்கள். ஒரு ஷிந்தோப் புராண நூலை 27 வயது ரஷ்யத் துறவிக்கு 21 வயது சாமுராய் விளக்கிக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நீஜிமாவுக்குக் கண் நோய். ரஷ்ய மருத்துவமனையில் சிகிச்சை கிடைத்தது, ஏழைகளையும் அங்கே நன்றாகக் கவனிப்பதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். இங்கேயே இருங்கள், நான் சொல்லித்தருகிறேன் என்று நிக்கோலாய் தடுத்துப் பார்த்தார். ஆசை கேட்கவில்லை. ஜூலை மாதம் ஓர் இரவு, பெர்லின் என்ற அமெரிக்கக் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறிப் போய்விட்டார். பிடிபட்டிருந்தால் மரண தண்டனை. பத்து வருடம் கழித்து அமெரிக்காவிலிருந்து திரும்பி, 1875-ல் கியோத்தோவில் தோஷிஷா பள்ளியைத் தொடங்கினார். அது இன்றைக்குப் பெரிய பல்கலைக்கழகம்.

நீஜிமா தப்பிப் போக உதவிய நண்பர்களில் ஒருவர் சவாபே தக்குமா. இவர் கதை இல்லாமல் இந்தப் பதில் முழுமையடையாது.

சவாபே தோசா நாட்டுச் சாமுராய், வாள்வித்தையில் தேர்ந்தவர், அந்தக் காலத்தின் புகழ்பெற்ற சாமுராய் சகாமோத்தோ ரியோமாவின் உறவினர். எதோவில் சிக்கலில் மாட்டி வடக்கே ஓடிவந்து, ஹகோதாத்தேயின் ஷிந்தோ கோயில் பூசாரி வீட்டில் மாப்பிள்ளையாகி, தானே பூசாரியும் ஆனவர். துணைத் தூதரின் மகனுக்கு வாள்பயிற்சி கொடுக்கத் தூதரகத்துக்கு வருவார். அங்கே நிக்கோலாயைப் பார்க்கும்போதெல்லாம் முறைப்பார். 1865-ல் ஒருநாள், இடுப்பில் வாளோடு நேரே அவர் அறைக்கே வந்துவிட்டார்.

ஏன் என் மேல் இவ்வளவு கோபம் என்று நிக்கோலாய் கேட்டார். அந்நியர்கள் எல்லாரையும் கொல்ல வேண்டும், நாட்டை வேவு பார்க்க வந்திருக்கிறீர்கள், அதிலும் உன் போதனைதான் அதிகக் கெடுதல் என்றார் சவாபே. என் போதனை என்னவென்று தெரியுமா? தெரியாது. தெரியாத ஒன்றைக் குறை சொல்வது நியாயமா? முதலில் கேளுங்கள், கெட்டது என்று பட்டால் எங்களைத் துரத்துங்கள். சரி, சொல் என்றார் சவாபே. உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தாளையும் தூரிகையையும் எடுத்துக் குறிப்பு எழுத ஆரம்பித்தார். மறுநாளும் வந்தார்.

இந்தச் சம்பவத்தை வீரக் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: இந்த உரையாடல் முழுவதும் ஜப்பானிய மொழியில் நடந்தது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வாளோடு வந்தவனிடம் "நியாயமா?" என்று கேட்பதற்கு, அந்தக் கேள்வி ஒரு சாமுராய்க்கு எங்கே போய்த் தைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மரியாதைச் சொல் ஒரு படி குறைந்தால் அவமானம், ஒரு படி கூடினால் கோழைத்தனம். நான்கு வருடம் கிமுராவிடம் படித்த நூல்களும், கதைசொல்லிகள் முன் உட்கார்ந்த மாலைகளும், நீஜிமாவோடு பேசிய பேச்சும் அந்த ஐந்து நிமிடத்தில் வந்து கைகொடுத்தன. 1861-லேயே சவாபே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சவாபே தன் மருத்துவ நண்பர் சகாய் தொக்குரெயோடு வாதம் செய்வார். பதில் தெரியாத இடம் வந்தால் நிக்கோலாயிடம் ஓடிவந்து கேட்டுக்கொண்டு போய் மறுபடி வாதம் செய்வார். கடைசியில் 1868 ஏப்ரலில், நிக்கோலாயின் அறையிலேயே, வெளியே தெரியாமல், சவாபே, சகாய், உரானோ என்ற மூவருக்கும் ஞானஸ்நானம் நடந்தது. வந்து ஏழு வருடத்துக்குப் பிறகுதான் முதல் அறுவடை. பூசாரி வேலையை இழந்து சவாபேயின் குடும்பம் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. 1875-ல் அவர் ஜப்பானின் முதல் ஆர்த்தடாக்ஸ் குருவானார்.

இது நிக்கோலாய்க்கு மட்டும் நடந்ததா? இல்லை. அதே காலத்தில் யோக்கோஹாமாவில் இருந்த அமெரிக்கர் ஜேம்ஸ் பல்லாவுக்கு மொழி ஆசிரியராக இருந்தவர் யானோ மொத்தோதாக்கா என்ற மருத்துவர். இருவரும் சேர்ந்து நற்செய்தியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோதே அந்த ஆசிரியர் மனம் மாறி, 1865-ல் நோய்ப்படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜப்பானின் முதல் புராட்டஸ்டன்ட் ஞானஸ்நானம் அது. மொழி சொல்லிக்கொடுப்பவரும் கற்பவரும் தினமும் மணிக்கணக்கில் எதிரெதிரே உட்காருகிறார்கள். "இந்தச் சொல் சரியா, அந்தச் சொல் சரியா" என்று கேட்கும்போது பொருளைப் பற்றித்தானே பேச வேண்டியிருக்கிறது.

இன்னும் முன்னால் போனால் நம் கடற்கரைக்கே ஒரு நூல் வந்து சேருகிறது. ஜப்பானுக்கு முதலில் போன மிஷனரி பிரான்சிஸ் சவேரியார், 1549-ல் ககோஷிமாவில் இறங்கியவர். அதற்கு முன் அவர் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே இருந்தார். தமிழ் தெரிந்த சிலரை உட்கார வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை. 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'வேணும்' என்று போட்டிருந்தார்கள். 1544-ல் தன் துணைவருக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இதைத் திருத்தச் சொல்கிறார்: வேணும் என்றால் வேண்டும் என்று பொருள், விசுவாசம் என்ற சொல்லைப் போடு என்று. அந்தக் கடிதத்தைப் பற்றி முதன்முதலில் படித்தபோது சிலிர்த்துப்போனேன். 480 வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியக் கடிதத்துக்குள் மணப்பாட்டுப் பேச்சு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஜப்பானில் அவருக்கு இதைவிடப் பெரிய சறுக்கல். அஞ்சிரோ என்ற ஜப்பானியரின் உதவியை நம்பி, கடவுளுக்கு 'தைனிச்சி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது பௌத்தத்தின் ஒரு பிரிவினர் வணங்கும் மகாவைரோசன புத்தரின் பெயர். கேட்ட பிக்குகள் நம்ம ஆள்தான் என்று வரவேற்றார்கள். விஷயம் புரிந்ததும் சவேரியார் அந்தச் சொல்லை விட்டுவிட்டு லத்தீன் 'தேயுஸ்' சொல்லுக்கே போய்விட்டார். அவருக்குப் பின் வந்த இயேசு சபையினர் பாடம் கற்றுக்கொண்டு மொழிக்கென்றே வருடங்களை ஒதுக்கினார்கள். ஹெய்க்கே காவியத்தையும் ஈசாப் கதைகளையும் பேச்சு நடையில் மாற்றி, ரோமன் எழுத்தில் 1590-களில் அமாக்குசாவில் அச்சிட்டது புது ஆட்கள் மொழி பழகத்தான். 1603-ல் நாகசாக்கியில் வெளிவந்த அவர்களுடைய அகராதியில் சுமார் 32,000 சொற்கள். பிறகு வந்த தடையில் அந்த உழைப்பு எல்லாம் ஜப்பானுக்குள் அறுந்துபோயிற்று. நிக்கோலாய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இன்றைக்கு இரண்டு மாத வகுப்பில் பேச ஆரம்பிக்கலாம் என்று விளம்பரம் பார்க்கிறோம். பேச ஆரம்பிக்கலாம்தான். ஆனால் நிக்கோலாய் அந்த அளவில் திருப்தி அடையவில்லை. பேச்சு ஓரளவு வந்து, அறிஞர் நூல்களில் பயன்படும் எளிய எழுத்துநடை கைக்கு வந்தவுடனேயே அவர் தொட்ட அடுத்த வேலை மொழிபெயர்ப்பு. 1870-ல் ரஷ்யத் திருச்சபை முறையான மிஷனுக்கு அனுமதி கொடுத்தது. 1872-ல் டோக்கியோவுக்கு மாறினார். அப்புறம் பள்ளி, தேவாலயம், நிர்வாகம், 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரில் சொந்த நாடும் வாழும் நாடும் மோதிக்கொண்ட வேதனை என்று எத்தனையோ. அவ்வளவுக்கு நடுவிலும் மொழி மேசையை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. ஒசாக்காவின் புகழ்பெற்ற கன்பூசிய அறிஞர் குடும்பத்தில் வந்த நாகாய் த்சுகுமாரோதான் அவருடைய துணை. மாலை 6 மணிக்கு நாகாய் வந்துவிடுவார். கதவு சாத்தப்படும். ஒரு சொல்லுக்காக எத்தனை மணி நேரம் போனாலும் சரி. புதிய ஏற்பாடு 1901-ல் வெளிவந்தது.

1912 ஜனவரியில் உடல் மிகவும் தளர்ந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவருக்கு 75 வயது. அறைக்குள் சின்ன மேசை ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கி, நாகாயை அங்கேயே வரவழைத்து, விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். பிப்ரவரி 16-ல் இறந்தார்.